எளிய நூலை எளிதாக்கியோர்

ஆங்கில மொழியில் எளிய நடைக்கு எடுத்துக்காட்டாக ஒரு காலத்திற் சுட்டப்பட்ட நூலொன்று, இன்று 'எளிய ஆங்கிலத்தில்', 'இன்றைய ஆங்கிலத்தில்' என்னும் அடைமொழிகளோடு மீண்டும் மீண்டும் திருப்பி எழுதப்பட்டு வெளிவருகின்றது. 1678-ம் ஆண்டில் ஜோன் பனியன் வெளியிட்டதும், தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரால் நாம் அறிந்ததுமான உருவகக் கதையே அந்நூல். பாத்திரங்களுக்கு ஒட்டுப்போட்டு வயிறு வளர்த்த ஒருவன், தன்னையொத்த ஏழை மக்கள் விளங்கிக்கொள்ளும் பொருட்டு எழுதியதை, அம்மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு யாரேனும் விளக்கிச் சொல்ல வேண்டிய நிலை எவ்வாறு ஏற்பட்டது? மொழி மாறிவிட்டது என்பது ஒரு விடை. அது மெய்யே, ஆயினும் முழு விடை ஆகாது. எளிதாக்கியோர் கடினமான சொற்களை மட்டும் நீக்கினரா, அன்றி வேறெதையும் நீக்கினரா என்று பார்க்கும்போதுதான் இந்த வரலாறு நமக்கு உரியதாகின்றது.

கதையை அறியாதார்க்கு இரண்டொரு வரிகள். கிறிஸ்தியன் என்பவன் முதுகிலே பெருஞ் சுமையும் கையிலே ஒரு நூலுமாக, அழிவுக்கு விதிக்கப்பட்ட தன் நகரை விட்டு வானக நகரை நோக்கிப் புறப்படுகின்றான். வழியில் உளை ஒன்றில் அமிழ்கின்றான். அப்பொல்லியோன் என்னும் பூதத்தோடு பொருதுகின்றான். மாயச் சந்தையிலே சிறைப்பட்டுத் தன் தோழனைத் தீக்கு இரையாகக் கொடுக்கின்றான். ஐயக் கோட்டையில் விரக்தி என்னும் அரக்கனிடம் அடிபடுகின்றான். இறுதியில் மரண ஆற்றைக் கடந்து அக்கரை சேர்கின்றான். யாவும் ஒருவன் கண்ட கனவாகச் சொல்லப்படுகின்றது.

பனியன் 1628-ம் ஆண்டிற் பெட்போர்ட் நகருக்கு அண்மையிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தான். தந்தையின் தொழில் பழுதுபட்ட உலோகப் பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடுவது. மகனும் அதனையே பயின்றான். ஊர் ஊராகத் திரிந்து செய்யும் அத்தொழிலாளரை இங்கிலாந்தின் நிலவுடைமைச் சமுதாயம் நாடோடிகளோடு ஒன்றாக வைத்தே எண்ணியது. பதினாறாவது வயதில் அவன் உள்நாட்டுப் போரின் பாராளுமன்றப் படையிற் சேர்ந்து, 1644 தொடக்கம் 1647 வரை நியூபோர்ட் பக்னெல் காவற்படையில் இருந்தான். மன்னனின் அதிகாரமும் குருமாரின் அதிகாரமும் ஒருங்கே கேள்விக்குள்ளாக்கப்பட்ட ஆண்டுகள் அவை. பட்டம் பெறாத தச்சனும் தையற்காரனும் மேடையேறிப் பிரசங்கித்த காலம் அது. பனியன் மணமுடித்தபோது மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்தி நூல்களே. வீட்டிலே தட்டுமுட்டுச் சாமான்களும் இருக்கவில்லை என்று அவனே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளான்.

1660-ல் மன்னராட்சி மீண்டது; தொழிலாளப் போதகர்களின் வாயை அடைப்பது புதிய ஆட்சியின் முதற் கடமைகளுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டு நவம்பரில், அனுமதியற்ற கூட்டத்திற் பிரசங்கிக்க முற்பட்டமைக்காகப் பனியன் கைதுசெய்யப்பட்டான். அவன்மீது ஏவப்பட்டது எலிசபெத் அரசியின் காலத்தில், 1593-ல், இயற்றப்பட்ட சட்டம். 1661 தொடக்கத்தில் அவனை விசாரித்த நீதிபதிகளுள் முதன்மையானவர் ஜோன் கீலிங். பின்னாளில் இங்கிலாந்தின் பிரதம நீதியரசராக உயர்ந்தவர். அவரவர் பெற்ற வரத்தை அவரவர் பயன்படுத்த வேண்டும் என்ற வேத வாக்கியத்தைப் பனியன் தனக்குச் சான்றாகக் காட்டினான். நீதிபதி அதற்கு வேறு பொருள் கூறினார். வரம் என்பது தொழில். ஒட்டுப்போடும் வரத்தைப் பெற்றவன் ஒட்டுப்போடுவதோடு நிற்க வேண்டும் என்பதே அவர் செய்த வியாக்கியானம். குலத்தொழிலை விட்டு ஏட்டைத் தொடாதே என்னும் இந்த வாதத்தை விளங்கிக்கொள்ள நமக்கு அகராதி தேவையில்லை.

மூன்று மாதச் சிறை எனத் தொடங்கிய தண்டனை, அவன் இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்களிக்க மறுத்தமையாற் பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. அவனுடைய இரண்டாம் மனைவி எலிசபெத் 1661 ஆகஸ்டில் நீதிபதிகள் தங்கியிருந்த சத்திரத்துக்கே சென்று முறையிட்டாள். தன் கணவன் ஒட்டுப்போடுபவனாகவும் ஏழையாகவும் இருப்பதனாலேயே இகழப்படுகின்றான், அதனாலேயே அவனுக்கு நீதி கிட்டவில்லை என்று அவள் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னாள். பனியன் சிறையிலிருந்தபடி நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தும் வேலை செய்து, கண்பார்வையற்ற மகள் மேரி உட்பட்ட தன் குடும்பத்தைத் தாங்கினான். இவ்விசாரணை பற்றி அவன் எழுதிவைத்த குறிப்பு 1765-ம் ஆண்டிலேயே அச்சேறியது. அதாவது அவன் இறந்து எழுபத்தேழு ஆண்டுகளின் பின்பு. 'மோட்சப் பிரயாண'த்தின் பெரும்பகுதி அந்தச் சிறைவாசத்தின்போதே எழுதப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. கனவு காண்பவன் ஒரு குகையிற் படுத்திருப்பதாக நூல் தொடங்குகின்றது. ஓரக்குறிப்பு அக்குகையைச் சிறை என்கின்றது.

நதானியல் பொண்டர் என்னும் இலண்டன் பதிப்பாளர் நூலை ஒன்றரைச் சிலிங் விலைக்கு வெளியிட்டார். 1688-ல் ஆசிரியன் இறப்பதற்கு முன்பே பதினொரு பதிப்புகள் வந்துவிட்டன. இப்பதிப்புகளின் வரலாற்றில் ஒரு செய்தி நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. முதற் பதிப்பில் 'உலகியல் அறிஞர்' என்னும் கனவான் இல்லை. அதே ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பிலேயே பனியன் அவரைச் சேர்த்தான். சமயத்தைச் சொந்த ஆதாயத்துக்கு ஏணியாக்கும் 'உள்நோக்கர்' என்பவரும் அவருடைய பணப்பிரியத் தோழர்களும் நிகழ்த்தும் நீண்ட உரையாடல் 1679-ன் மூன்றாம் பதிப்பிற் சேர்ந்தது. ஆசிரியன் தன் நூலைத் திருத்தியபோது கதை எந்தத் திசையில் வளர்ந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். செல்வர்மீதும் சமய வேடதாரிகள்மீதும் அவன் வீசிய கணைகள் பெருகின, குறையவில்லை.

கற்றோர் உலகம் இந்நூலை நெடுங்காலம் ஏற்கவில்லை. பனியனை அடிசனோடு ஒப்பிடுபவன் மண்மேட்டை மலையோடு ஒப்பிடுபவன் என்ற பொருள்பட தேவிட் ஹியூம் 1757-ல் எழுதினார். கவிஞர் கூப்பர் 1785-ல் அவனைப் புகழ்ந்து பாடியபோதும், பெயரைச் சொன்னாற் படிப்பவர் நகைப்பர் என்று அஞ்சிப் பெயரை மறைத்தே பாடினார். ஆனால் கிராமத்து வீடுகளில் பைபிளுக்கு அருகே இருந்த ஒரே நூல் பலவிடத்தும் இதுவே. 1830-ல் அரசவைக் கவிஞர் சதி இதற்கு ஒரு சிறப்புப் பதிப்பு வெளியிட, அடுத்த ஆண்டில் மெக்கோலே அதனை விமர்சிக்கும் வாயிலாகப் பனியனின் நடையை வானளாவப் புகழ்ந்தார். சமயக் கலைச்சொற்கள் சிலவற்றைத் தவிர, மிகப் பாமரனான உழவனுக்கும் விளங்காத சொல் எதுவும் அதில் இல்லை என்பது அவருடைய தீர்ப்பு. பின்னர் 1874-ல் பெட்போர்ட் நகரில் பனியனுக்குச் சிலையும் எழுந்தது. சிலையை அன்பளிப்புச் செய்தவர் பெட்போர்ட் கோமகன்! மாயச் சந்தையின் பிரபுக்களைப் பெயர் சொல்லிப் பழித்தவனுக்கு ஒரு பிரபு எடுத்த சிலை.

மெக்கோலே புகழ்ந்த எளிமை இன்று ஏன் எளிமையாக இல்லை? சொற்கள் சில வழக்கிறந்தன. அதனால் வரும் தொல்லை சிறிது. உருமாறாமற் பொருள் மட்டும் மாறிய சொற்களே பெருந்தொல்லை. இன்று உரையாடலைக் குறிக்கும் 'கொன்வர்சேஷன்' என்னும் சொல் பனியன் காலத்தில் ஒருவனது ஒழுக்கத்தைக் குறித்தது. 'புரொபெசர்' என்றால் தன் விசுவாசத்தைப் பலரறியப் பறைசாற்றுபவன். வாயாடி என்னும் பாத்திரத்தை அச்சொல்லாற் குறிக்கும் இடத்தைப் படிக்கும் இன்றைய மாணவன் அவரைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் என்றே கொள்வான். (கதையில் அந்த மனிதர் பேசும் பேச்சைப் பார்த்தால், அப்படிக் கொள்வதும் பெரும் பிழையன்று என்று என் நண்பர் ஒருவர் சொல்வார்.) இத்தகைய இடங்களில் எளிதாக்குவோர் பழைய சொல்லை நீக்கிப் புதிய சொல்லை இடுதல் நன்மையே. அதனை மறுப்போர் பழஞ்சொல்லின் தூசியை ஞானம் என்று மயங்குவோர்.

ஆனால் மிகச் சிறிய ஒரு சொல்லைத் தொடும்போது மிகப் பெரிய இழப்பு நேர்கின்றது. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலத்தில் முன்னிலைக்கு இரு வடிவங்கள் வழங்கின. ஒன்று 'தௌ', மற்றையது 'யூ'. மேலோன் கீழோனை விளிப்பதும் நெருங்கியோர் தம்முள் அளவளாவுவதும் முன்னையதால். கீழோன் மேலோனை விளிப்பது பின்னையதால். நம் மொழியில் நீ, நீர், நீங்கள் என்பவற்றிடையே உள்ள வேறுபாட்டை அறிந்த எவருக்கும் இது தெளிவு. அக்காலத்துக் குவேக்கர்கள் மேலோரையும் 'தௌ' என்று விளித்தமைக்காக அடியுண்டனர் என்பதிலிருந்து இச்சொல்லின் கனத்தை உணரலாம். பனியன் குவேக்கரை எதிர்த்து எழுதியவன். இவ்வேறுபாட்டை எல்லா இடத்தும் ஒரே கண்டிப்புடன் அவன் பேணினான் என்றும் சொல்வதற்கில்லை. ஆயினும் முதன்மையான கட்டங்களில் அவன் காது தவறவில்லை.

உலகியல் அறிஞரைச் சந்திக்கும் கட்டத்தைப் பாருங்கள். கனவான், சுமையோடு தள்ளாடிவரும் கிறிஸ்தியனை 'அப்பனே' என்பதுபோன்ற தோரணையில் அழைத்து, 'தௌ' என்றே பேசுகின்றார். உனக்கு மனைவி மக்கள் உண்டா என்று விசாரிக்கின்றார். கிறிஸ்தியனோ அவரை 'யூ' என்றும் 'ஐயா' என்றும் விளிக்கின்றான். இச்சுமை எப்படி வந்தது என்று அவர் கேட்க, கையிலுள்ள இந்நூலைப் படித்ததனால் என்கின்றான். அப்படித்தான் இருக்கும் என்று தாம் எண்ணியதாகக் கூறும் அவர், அறிவிற் குறைந்தோர் தமக்கு எட்டாத விடயங்களில் தலையிட்டால் இக்கதியே நேரும் என்கின்றார். கீலிங் நீதிபதியின் குரல் மீண்டும் கேட்கின்றது! அதன்பின் அவர் காட்டும் மாற்று வழி என்ன? 'ஒழுக்கம்' என்னும் கிராமத்துக்குப் போ. அங்கே வீடுகள் வெறுமையாகக் கிடக்கின்றன, வாடகை நியாயம், உணவுப்பொருள் மலிவு, அயலவர் கண்ணியமானோர். மனைவி மக்களையும் அழைத்துக்கொள். இது நரகத்துப் பிசாசின் சோதனை அன்று. நல்லெண்ணம் கொண்ட ஒரு நிலக்கிழாரின் புத்திமதி. பனியனுக்கு அதுவே பிசாசிலும் ஆபத்தானது. இப்பகுதி முழுவதும் 'தௌ' என்பதும் 'ஐயா' என்பதும் ஒன்றையொன்று உரசும் ஓசையிலேதான் நிற்கின்றது. எல்லாரும் எல்லாரையும் 'யூ' என்றே சொல்லும் இன்றைய ஆங்கிலத்தில் அதனை எழுதியவுடன், இரு அயலவர் வேலிக்கு மேலாற் பேசிக்கொள்வதுபோல ஆகிவிடுகின்றது.

அப்பொல்லியோனோடு நிகழும் வாக்குவாதம் இதனினும் நுட்பமானது. பூதம் கிறிஸ்தியனைத் தன் ஓடிப்போன குடிமகன் என்று உரிமை கொண்டாடுகின்றது. கிறிஸ்தியன் முதலில் மரியாதைப் பன்மையிலேயே விடை சொல்லத் தொடங்குகின்றான். உமது ஆட்சியிற் பிறந்தவன்தான், ஆனால் உமது ஊழியம் கொடியது, நீர் தந்த கூலியில் மனிதன் சீவிக்க முடியாது என்னும் பொருள்பட. பாவத்தின் சம்பளம் மரணம் என்ற வேதக் கருத்தை ஒட்டிய பேச்சு இது. அதேவேளை, கூலிவேலை செய்து பழகியவனின் பேச்சும் இதுவே. தான் வேறொரு அரசனிடம் பணி ஏற்றுவிட்டதைச் சொல்லும் கணத்தில் அவன் ஒருமைக்கு மாறிவிடுகின்றான். வாளை ஓங்குவதற்கு முன்பே சொல் ஓங்கிவிடுகின்றது. தமிழிற் பெயர்ப்பவன் 'நீர்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு மாறினாற் போதும்; இன்றைய ஆங்கிலத்திற் பெயர்ப்பவனுக்கு அதற்குக் கருவியே இல்லை. இது அவன் குற்றமன்று, அவன் மொழியின் வறுமை. ஆனால் வறுமை இருப்பதை அறிந்து வேறு வழி தேடுவதும், இல்லாததுபோற் கடந்து செல்வதும் ஒன்றாகா.

இனி எளிதாக்கியோரைப் பார்ப்போம். இவர்கள் பலர், பலருடைய நோக்கமும் பலவகை. ஜோன் மேசன் நீல் என்னும் அங்கிலிக்கன் குரு 1853-ல் ஆங்கிலத் திருச்சபைப் பிள்ளைகளின் உபயோகத்துக்காக இந்நூலைத் திருத்தி வெளியிட்டார். அத்திருச்சபைக்குச் செல்ல மறுத்தமைக்காகச் சிறையிருந்தவன் எழுதிய கதைக்குள், அத்திருச்சபையின் சடங்குகளும் உபதேசமும் நுழைக்கப்பட்டன. இதனைச் சமகாலத்தவரே கண்டித்தனர். இதிலும் பார்க்க நேர்மையானது, லூசி எய்கின் மேரி கொடொல்பின் என்னும் புனைபெயரிற் செய்த முயற்சி. ஓரசைச் சொற்களை மட்டும் கொண்டு கதை முழுவதையும் சொல்வது அவர் மேற்கொண்ட விரதம். அந்நூல் 1860-களின் இறுதியில், அவர் மறைந்தபின், வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் பெரும்பாலும் வீட்டிலும் வயலிலும் வழங்கும் சொற்கள். பனியனின் வாக்கியங்களும் இயல்பாகவே அவற்றால் நிறைந்தவை. அதனால் அந்த விரதம் கழைக்கூத்தாக முடியாமல், பலவிடங்களில் மூலத்தின் மூச்சுக்கு அணித்தாகவே செல்கின்றது.

இருபதாம் நூற்றாண்டில் நூல் சிறுவர் அறைக்குள் முழுதாகவே நுழைந்துவிட்டது. எனிட் பிளைட்டன் 1942-ல் இதனைத் தழுவி, சிறுவர் தம் குறும்புகளையும் குற்றங்களையும் முதுகிற் சுமந்து செல்லும் கதையொன்றை எழுதினார். ஹெலன் டெய்லர் 1940-களில் எழுதிய சிறுவர் பதிப்பிற் கிறிஸ்தியனே சிறுவனாகிவிடுகின்றான். அவனுக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. ஆகையால் அவர்கள் கதறக் கதறக் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் அந்தக் கொடிய தொடக்கமும் இல்லை. பிள்ளைகளுக்கு அச்சக் கதை கூடாது என்ற பரிவு விளங்குகின்றது. ஆனால் குடும்பத்தைப் பிரிந்து பன்னிரண்டாண்டு சிறையிலிருந்த தந்தை, அந்தப் பிரிவின் நியாயத்தையும் அநியாயத்தையும் தன்னுள்ளே வழக்காடிய காட்சியல்லவா அது? வளர்ந்தோருக்கென எழுந்த பதிப்புகளும் உண்டு. ஜேம்ஸ் தோமஸ் 1964-லும் ஹேசல்பேக்கர் 1998-லும் தத்தம் காலத்து ஆங்கிலத்தில் நூலைப் பெயர்த்தனர். வேதத்தைப் படிக்கும் சாதாரண மனிதன் பனியனையும் தடையின்றிப் படிக்க வேண்டும் என்பது இவ்வகைப் பதிப்புகளின் நோக்கம். நோக்கத்தைக் குறைகூற இடமில்லை. பனியனின் நோக்கமும் அதுவேயன்றோ.

எனினும், சுருக்கம் என்று வந்துவிட்டால் எதை வெட்டுவது என்ற தெரிவு வருகின்றது. சிறுவருக்கான சுருக்கங்களில் உளை, பூதம், சிங்கங்கள், அரக்கன், ஆறு ஆகியவை பெரும்பாலும் தப்பிவிடும். அவை படம் வரைவதற்கு ஏற்றவை. முதலிற் கத்தரிக்கோலுக்கு இரையாவது பேச்சு. பேச்சிலேதான் பனியனின் பகை இருக்கின்றது. மாயச் சந்தையிலே விற்கப்படுவன எவை? வீடும் நிலமும் பதவியும் பட்டமும் நாடுகளும் இராச்சியங்களும். அப்பட்டியலின் தொடர்ச்சியிலேயே கணவர், மனைவியர், பிள்ளைகள், எசமானர், வேலைக்காரர். பின்பு உயிர், இரத்தம், உடல், ஆன்மா. நிலமும் மனித உடலும் ஒரே கடைத்தெருவில், ஒரே மூச்சில் விலை கூறப்படுகின்றன. இங்கிலாந்துக் கப்பல்கள் ஆபிரிக்க மக்களை ஏற்றிச்சென்று விற்ற நூற்றாண்டில் எழுதப்பட்ட பட்டியல் இது என்பதை நாம் மறத்தல் ஆகாது. சுருக்கங்கள் சிலவற்றில் இந்தச் சந்தை பொம்மையும் இனிப்பும் ஆடம்பர உடையும் விற்கும் திருவிழாவாகச் சுருங்கிவிடுகின்றது. (1848-ல் நிறைவெய்திய தாக்கரேயின் நாவல் இச்சந்தையின் பெயரைச் சூடிக்கொண்டபின், பெயரை அறிந்தோர் பலராயினர், பெயர் எங்கிருந்து வந்தது என அறிந்தோர் குறைந்தனர்.)

அச்சந்தையில் நடக்கும் விசாரணையும் அவ்வாறே. நன்மைப்பகைஞர் என்னும் பிரபுவே நீதிபதி. சான்று கூறும் முகத்துதியர், கைதி தம் நாட்டுப் பெருமக்களை இகழ்ந்தான் என்று குற்றம் சாட்டி அப்பெருமக்களின் பெயர்களை அடுக்குகின்றார். அவற்றுட் காமப் பிரபுவும் உண்டு, பேராசைப் பிரபுவும் உண்டு. தீயகுணங்களுக்குப் பிரபுப் பட்டம் சூட்டியதிலேதான் அங்கதம் முழுவதும் இருக்கின்றது. பட்டத்தை நீக்கிக் காமம், பேராசை என்று மட்டும் எழுதும் பதிப்பு, சொல்லளவில் எதையும் பொய்யாக்கவில்லை. ஆயினும் ஒரு வர்க்கத்தின்மீது கூறப்பட்ட குற்றம், மனித இயல்பின்மீது கூறப்பட்ட குறையாக மாறிவிடுகின்றது. ஐயக் கோட்டையின் அரக்கனையும் கவனியுங்கள். வழி கரடுமுரடாக இருந்தமையாற் புல்வெளிக்குள் இறங்கித் துயின்ற இரு பயணிகளையும் அவன் எழுப்பிக் கூறும் குற்றம், என் காணிக்குள் அத்துமீறி நுழைந்தீர்கள் என்பதே. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு வந்த நாட்டில், ஊர்சுற்றித் தொழில் செய்தவன் இவ்வசனத்தை எங்கே கேட்டிருப்பான் என்று ஊகிக்க அதிக கற்பனை வேண்டியதில்லை.

இவ்விடத்திற் சமநிலை தவறாதிருக்க வேண்டும். பனியனைச் சமயப் போர்வைக்குள் மறைந்த அரசியற் கிளர்ச்சிக்காரனாக மட்டும் காண்பது நம் பக்கத்தார் சிலர் செய்யும் தவறு. சுமை என்று அவன் சொன்னது பாவத்தையே, வறுமையை அன்று. ஜாக் லிண்ட்சே 1937-லும் கிறிஸ்தோபர் ஹில் 1988-லும் பனியனின் வர்க்கத்தையும் காலத்தையும் ஆராய்ந்து எழுதிய நூல்கள் நம் பார்வையைத் திருத்தியவை. ஆனால், அவன் ஆன்மாவுக்காக அஞ்சிய அச்சம் மெய்யானது என்று கொண்டாலன்றி அவன் நீதிபதிக்கு அஞ்சாமையும் விளங்காது. ஒன்றிலிருந்தே மற்றது பிறந்தது.

இங்கிலாந்தின் தொழிலாளர் இதனைத் தாமே உணர்ந்திருந்தனர். சாசன இயக்கம் கிளர்ந்தெழுந்த 1839-ல், நியூகாசில் நகரிலிருந்து வெளிவந்த 'நோர்தேன் லிபரேற்றர்' பத்திரிகை இக்கதையை அரசியற் கதையாகத் திருப்பி எழுதியது. பயணியின் பெயர் ரெடிக்கல்; புறப்படும் இடம் கொள்ளை நகரம்; போய்ச்சேரும் இடம் சீர்திருத்த நகரம். பனியனின் வேதாந்தம் முழுவதும் அதிற் போய்விட்டது, நட்டம் சிறிதன்று. எனினும் சுமையோடு நடப்பவன் யார், வழியை மறிப்பவர் யார் என்பதில் அப்பத்திரிகைக்கு ஐயமிருக்கவில்லை. ஈ. பி. தொம்சன் 1963-ல் ஆங்கிலத் தொழிலாள வர்க்கத்தின் தோற்றத்தை எழுதியபோது, தோமஸ் பெயின் எழுதிய 'மனித உரிமைக'ளோடு இந்நூலையும் சேர்த்து, இவ்விரண்டுமே அவ்வியக்கத்தின் அடித்தள நூல்கள் என்றார். வரலாற்றாசிரியர் சொன்னதை நூற்றிருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பத்திரிகைத் தொழிலாளர் செய்து காட்டிவிட்டனர்.

மறுபுறத்தில், மிஷனரிமார் இதனைக் கப்பலேற்றினர். ஆபிரிக்க மொழிகளில் மட்டும் ஏறத்தாழ எண்பது பெயர்ப்புகள் எழுந்ததை இசபெல் ஹொப்மேயர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு விரிவாகச் சொல்கின்றது. தமிழுக்கும் அது அவ்வழியே வந்தது. நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-ல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' நாம் நன்கறிந்தது. கிறிஸ்தியன் அங்கே ஆத்தும விசாரி. உரைநடைக் கதை, கம்பன் வழிவந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களாகிவிட்டது. ஆங்கிலேயர் எளிய நூலை எளிதாக்க, நம்மவர் எளிய நூலை அரிதாக்கினர்! இதனைக் குறையாக மட்டும் கொள்ளலாகாது. தமிழ்க் கல்வி உலகம் செவிமடுக்கும் குரல் அன்று அதுவாகவே இருந்தது. அக்குரலில் அவர் பெற்ற வெற்றியும் பெரிது. ஆனால் உழவன் கையிலிருந்த நூல் பண்டிதர் கைக்கு மாறியது என்பதும் உண்மை. அடித்தட்டு மனிதனின் கொச்சையில் இக்கதை தமிழில் ஒலிக்கும் நாள், என் அறிவுக்கு எட்டியவரை, இன்னும் வரவில்லை.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர், சுருக்கப் பதிப்பொன்றை வகுப்பில் வைக்கலாமா என அண்மையில் என்னைக் கேட்டார். வைக்கலாம் என்றே சொன்னேன். பழைய ஆங்கிலத்தின் முன்னே மாணவனை மிரளவைத்து, பிறகு அவனுக்கு இலக்கிய உணர்ச்சி இல்லை என்று பழிப்பது நம் கல்விமுறையின் பழைய நோய். எளிய பதிப்பு அதற்கு மருந்து. ஆனால் தெரிவதற்கு முன்பு மூன்று இடங்களைப் புரட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். உலகியல் அறிஞர் இருக்கின்றாரா, வாடகை வீட்டு ஆசையைக் காட்டுகின்றாரா. சந்தையின் பட்டியலில் நிலத்தோடு மனிதரும் விற்கப்படுகின்றனரா. பேராசைக்குப் பிரபுப் பட்டம் எஞ்சியிருக்கின்றதா. 'தௌ' இல்லாமற்போனதற்கு ஈடாக, கனவான் வாயில் ஒரு 'அப்பனே'யும் கிறிஸ்தியன் வாயில் ஒரு 'ஐயா'வும் ஒவ்வொரு வாக்கியத்திலும் விழுந்திருந்தால் அப்பதிப்பாசிரியரின் காது நல்ல காது.

நண்பர் மறுவாரம் இரண்டு பதிப்புகளோடு வந்தார். ஒன்றில் உலகியல் அறிஞர் அரைப்பக்கத்தில் வந்து போகின்றார். வீடும் இல்லை, வாடகையும் இல்லை. மற்றையது தடித்தது, படங்கள் குறைந்தது, விலையும் கூடியது. தடித்ததில் எத்தனை பக்கங்களை ஒரு தவணைக்குள் படிப்பித்து முடிக்கலாம் என்று இருவருமாக எண்ணிக்கொண்டிருந்தோம்.